அக்காவின் ரேடார்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். போர்டில் படிக்கும்போது அது வெறும் புள்ளிவிவரம். வேனின் பின் சீட்டில் உட்கார்ந்து வயிற்றால் எண்ணும்போதுதான் அது அனுபவம். 17-வது வளைவில், காலையில் நாமக்கல்லில் சாப்பிட்ட இட்லி 'மேலே வரட்டுமா?' என்று அனுமதி கேட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே 'நாட் அப்ரூவ்டு' என்று திருப்பி அனுப்பினேன். ஆபீஸ் பழக்கம்.

வேனில் நாலு பேர். டிரைவர், நான், என் அக்கா, அக்காவின் ஒரே மகன். மாப்பிள்ளை விமானப்படையில் இருக்கிறான். உடனே கறுப்புக் கண்ணாடி, கையில் ஹெல்மெட் என்று சினிமா ஓட்டாதீர்கள். அவன் பைலட் இல்லை. தரையில் நின்று விமானத்தில் பொருத்த வேண்டியதைப் பொருத்துகிற ஆள். "நான் பறக்கிறவன் இல்ல மாமா, பறக்கிறவனை அனுப்பி வைக்கிறவன்" என்பான்.

அறப்பளீஸ்வரருக்கு அக்காவின் வேண்டுதல் ஒன்று பாக்கி. லீவில் வந்தவனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். துணைக்கு நான்.

எனக்கு இன்னொரு ரகசிய டியூட்டியும் இருந்தது. காலையில் டீக்கடையில் மாப்பிள்ளை காதோரம் வந்து சொன்னான்:

"மாமா, டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு. எல்லைப் பக்கம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

"இவ்வளவுதானே? மலை இறங்கறதுக்குள்ள சொல்லிடறேன்" என்றேன். ஆபீஸில் 20 வருஷமாக 'தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று எழுதுகிறவன். கெட்ட செய்தியைச் சர்க்கரை தடவிக் கொடுப்பதுதானே நம் தொழில்!

"ஏன்டா தம்பி, டீயில சர்க்கரை வேண்டாம்னியே, என்ன புதுசா?" என்று அக்கா கேட்டபடி வந்ததால் பேச்சு அதோடு நின்றது.

காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அக்கா மகனிடம் கேட்டாள். "லீவு முடிஞ்சு பழைய இடத்துக்குத்தானே போற?"

"அம்மா, அங்க பாரு... குரங்கு!"

பார்த்தாள். குரங்கு இருந்தது. ரெண்டு வளைவு கழித்து மறுபடி, "இல்ல, அங்கயே இன்னும் ரெண்டு வருஷம் இருப்பேன்னியே..."

"அம்மா, சோளக்காட்டுல அன்னாசி நல்லா இருக்குமாம். இறங்கி வாங்கிக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயல் தொழில் புத்தியைக் காட்டுகிறான்! எதிரி குறி வைக்கும்போது பக்கத்தில் வேறு எதையாவது வீசி அவன் பார்வையைத் திருப்புவது. விமானப்படையில் அதற்கு 'சாஃப்' என்று பேர். நம்ம பாஷையில், ஜிகினா.

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கண்ணாடி நிறைய ஜிகினாத் தோரணம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி ஆரம்பித்தேன். "அக்கா, உன் மகன் விமானத்துல எதைப் பொருத்தறான் தெரியுமா? அந்த மாதிரி ஜிகினா."

மாப்பிள்ளை என்னை முறைத்தான்.

"பயப்படாதே மாப்ள. பேப்பர்ல வந்ததை மட்டும்தான் சொல்வேன்."

"ஜிகினாவா? ஏரோப்ளேனுக்கு எதுக்குடா ஜிகினா? திருவிழாவா?" என்றாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து ஒரு வளைவில் வேன் நின்றது. காலேஜ் பையன்கள் பள்ளத்தைப் பார்த்து "ஓ...!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பாறையில் பட்டு 'ஓ...' திரும்பி வந்தது.

"இதாக்கா ரேடார். அதுவும் இப்படித்தான் கத்தும். சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை. விமானத்துல பட்டு எதிரொலி திரும்பினா, இந்தத் திசையில இத்தனை தூரத்துல ஒருத்தன் வர்றான்னு கண்டுபிடிச்சிடும். சரி, அந்தப் பள்ளத்துல நிஜப் பாறைக்கு முன்னால ஆயிரம் பொய்ப் பாறை பறந்தா? 'ஓ'ன்னு ஒரு தடவை கத்தினா 'ஓ ஓ ஓ'ன்னு ஆயிரம் பதில் வரும். எது நிஜம்னு தெரியாது. அந்தப் பொய்ப் பாறைதான் ஜிகினா."

"இத்தனூண்டு ஜிகினா ஏரோப்ளேன் மாதிரி தெரியுமா?"

அங்கேதான் சூட்சுமம். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி, "இப்பத் தெரியுதா?" என்று கத்தியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அந்த அலுமினியக் குழாய்களை ஏதோ அழகுக்காக அந்த நீளத்தில் வெட்டவில்லை. வருகிற அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருந்தால் உலோகக் குச்சி அந்த அலையோடு சேர்ந்து ஆடும். வாங்கியதில் பெரும் பங்கைத் திருப்பி வீசும். நீளம்தான் முக்கியம், எடை இல்லை. அதனால் ஒரு கைப்பிடி ஜிகினா வானத்தில் விரிந்தால், ரேடார் திரையில் ஒரு முழு விமானமாகத் தெரியும்.

இதைக் கண்டுபிடித்த கதை நம் ஆபீஸ் கதையை விட மோசம் சார்.

இரண்டாம் உலகப்போர். 1942-இல் இங்கிலாந்தில் ஜோன் கர்ரன் என்ற பெண் விஞ்ஞானி இந்தத் தகடுகளைச் சோதித்துப் பார்த்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 'விண்டோ' என்று ரகசியப் பேர் வைத்தார்கள். சரி, உடனே உபயோகித்தார்களா? இல்லை! நாம் வீசினால் எதிரி பொறுக்கிப் பார்ப்பான், காப்பியடிப்பான், நம் மேலேயே வீசுவான் என்று ஃபைலை மூடி வைத்தார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? ஜெர்மனியிலும் அதே சோதனையை நடத்தி, 'டூப்பல்' என்று பேர் வைத்து, அதே பயத்தில் அதே மாதிரி மூடி வைத்திருந்தார்கள். ஜப்பான்காரர்கள் தனியாகக் கண்டுபிடித்து, 'ஏமாற்றுக் காகிதம்' என்று அர்த்தம் வருகிற பேர் வைத்தார்கள். இரண்டு எதிரி ஆபீஸ்களில் ஒரே ஃபைல், இரண்டிலும் 'பரம ரகசியம்' சீல். ஒளித்து வைத்த அந்த மாதங்களில் எத்தனையோ விமானங்கள் சுடப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் என் மாப்பிள்ளை வயசுப் பையன்கள்.

கடைசியில் 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் நகரத்தின் மேல் வீசினார்கள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளத்தில் பாதி சுமார் 27 சென்டிமீட்டர். அதே நீளத்தில் வெட்டிய தகடுகள், கட்டுக் கட்டாக, நிமிஷத்துக்கு ஒரு கட்டு. கீழே ரேடார் திரைகளில் ஆயிரக்கணக்கான விமானங்கள் முளைத்தன. சர்ச்லைட்டுகள் கண் தெரியாத கிழவர்கள் மாதிரி வானத்தைத் துழாவின. போன 791 விமானங்களில் 12 மட்டும்தான் திரும்பவில்லை. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

அடுத்த வருஷம் இதே ஜிகினாவில் ஒரு கப்பல் படையையே ஜோடித்தார்கள். 1944 ஜூன் 5 இரவு, நார்மண்டியில் நிஜப் படை இறங்கப் போகிற நேரம். பிரிட்டிஷ் விமானங்கள் வேறொரு கடற்கரைக்கு எதிரே வட்டம் வட்டமாகச் சுற்றி, கப்பல் நகரும் வேகத்திலேயே ஜிகினாவைத் தூவிக்கொண்டு முன்னேறின. ரேடாரில் பார்த்தால் பெரிய கப்பல் கூட்டம். கடலில் பார்த்தால் சில சின்னப் படகுகளைத் தவிர ஒன்றும் இல்லை!

இந்த இடத்தில் நான் பெருமையாக நிறுத்தினேன். கைதட்டல் வரவில்லை. அக்கா கேட்டாள்:

"அந்த ஊர்ல என்னாச்சு?"

"எந்த ஊர்?"

"அதான், முதல்ல ஜிகினா போட்டாங்களே. அவங்க கண்ணைக் கட்டிட்டு அப்புறம் என்ன பண்ணாங்க?"

எனக்குத் தொண்டை அடைத்தது. குண்டு போட்டார்கள். ஒரு ராத்திரி இல்லை, பல ராத்திரிகள். ஜூலை 27 ராத்திரி தீ சூறாவளியாகவே மாறித் தெருத் தெருவாகச் சுற்றியது. அந்தத் தாக்குதல்களில் மொத்தம் சுமார் 37 ஆயிரம் பேர் செத்துப்போனார்கள். பாதிப்பேச்சாகச் சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளைங்களைக் காப்பாத்தறதுக்குன்னு செஞ்சது..." என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. வேன் இன்னொரு வளைவு திரும்பியது.

* * *

சோளக்காட்டில் அன்னாசி வாங்கினோம். டிரைவர் ஒரு பக்கம் கை காட்டி, "அந்தப் பக்கமெல்லாம் முன்ன பாக்சைட் வெட்டிட்டிருந்தாங்க சார், லாரி லாரியா மேட்டூருக்குப் போகும்" என்றார். பாக்சைட்டிலிருந்துதான் அலுமினியம். மேட்டூர் உருக்காலை 2008-இல் ஓய்ந்துவிட்டது. இட்லிப் பானையும் ஆன்டெனாவும் ஜிகினாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பெரும்பாலும் அலுமினியத் தாளை வெட்டி வீசுவதில்லை. தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழை. அதன் மேல் அலுமினியப் பூச்சு. இழையின் தடிமன் 25 மைக்ரான் அளவு. தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இழைகளைக் கட்டாகச் சேர்த்து அளவாக வெட்டுகிறார்கள். 3 சென்டிமீட்டர் அலையில் வேலை செய்கிற ரேடாருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் துண்டு போதும். ஆனால் எதிரி எந்த ரேடாரோடு காத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரே குப்பிக்குள் பல நீளம். ரெடிமேட் சட்டைக் கடையில் ஸ்மால், மீடியம், லார்ஜ் வைத்திருப்பார்களே, அப்படி.

கேட்கச் சுலபம். செய்வதுதான் கஷ்டம். பூச்சு உரியக் கூடாது, இழை நொறுங்கக் கூடாது. லட்சக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது என்று வழுக்குகிற பூச்சு வேறு. ஒட்டிக்கொண்டால் வானத்தில் மேகமாக விரியாமல், குருவிக்கூடு மாதிரி ஒரு உருண்டையாக விழும். குருவிக்கூட்டைப் பார்த்து எந்த ஏவுகணையும் ஏமாறாது. அதோடு, குப்பிக்குள் இருக்கிற சின்ன வெடிமருந்து, பைலட் பட்டனைத் தட்டிய அந்தக் கணமே வெடித்து எல்லாவற்றையும் வெளியே தள்ள வேண்டும். 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்று சொல்ல முடியாத ஒரே டிபார்ட்மெண்ட் இதுதான்.

இதை நாமே செய்கிறோம். ஜோத்பூரில் 1959 முதல் இருக்கிற டி.ஆர்.டி.ஓ.வின் பாதுகாப்பு ஆய்வுக்கூடமும், புனேயில் வெடிமருந்து ஆராய்ச்சி செய்கிற அதன் இன்னொரு ஆய்வுக்கூடமும் சேர்ந்து, விமானப்படைக்கான நவீன சாஃப் இழையையும் '118/ஐ' என்ற குப்பியையும் உருவாக்கிவிட்டதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். விமானப்படை சோதித்து ஏற்றுக்கொண்டது. பெரிய அளவில் தயாரிக்கத் தொழில்நுட்பம் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதே வருஷம் ஏப்ரலில் கடற்படைக் கப்பல்களுக்குக் கிட்டத்தில், நடுத்தூரத்தில், வெகுதூரத்தில் வெடிக்கிற மூன்று வகை சாஃப் ராக்கெட்டுகள். 2024 ஜூனில் கடற்படையிடம் இன்னொரு ராக்கெட்டை ஒப்படைத்தார்கள். சில மைக்ரான் தடிமனுள்ள விசேஷ இழைகளை வானில் விரித்து, அந்த மேகத்தின் பின்னால் இருப்பதை ரேடாருக்குத் தெரியாமல் மறைப்பது.

தீபாவளி மத்தாப்பு மாதிரி ஒரு தடவை வீசினால் போச்சு. கழுவி மறுபடி உபயோகிக்க முடியாது. அதனால்தான் வெளியிலிருந்து வாங்குவது ஆபத்து. கடைக்காரன் 'ஸ்டாக் இல்லை' என்கிற தினம் சண்டை தினமாக இருந்தால்?

"இவ்வளவு தூரம் கண்டுபிடிச்சாச்சுல்ல, அப்ப ரேடார் தோத்துப் போச்சா?" என்றாள் அக்கா.

இதற்கு மாப்பிள்ளையே பதில் சொன்னான். அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இல்லம்மா. ஜிகினா வெளிய வந்ததும் வேகம் போயிடும். காத்து போற பக்கம் மிதக்கும். ஆனா பிளேன் ஓடிட்டே இருக்கும். புது ரேடார் எல்லாம் எது நிக்குது, எது ஓடுதுன்னு பார்த்துடும். நிக்கறதை விட்டுட்டு ஓடறதைப் பிடிக்கும். அதனால ஜிகினாவை மட்டும் நம்ப முடியாது. போட்டுட்டு, பைலட் சட்டுன்னு திரும்பணும். கிடைக்கிறது சில செகண்டுதான்."

"பாடப் புத்தகத்திலேயே இருக்கு மாமா" என்று என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டான்.

* * *

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்தோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன். அந்த அம்புக்கு ஜிகினா பலிக்காது. ஓரி ரேடாரில் பார்த்து அடிக்கவில்லை, கண்ணால் பார்த்து அடித்தான்.

ஆனால் இந்த மலைக்கு ஏமாற்றுக் கலை புதிதில்லை. கொல்லிப்பாவை என்று ஒருத்தி இங்கே உண்டு. சங்கப் பாடல்களிலேயே வருகிறாள், தெய்வம் செய்து வைத்த பாவை. மலையைக் காக்க அவளை நிறுத்தியதாகக் கதை. தீய எண்ணத்தோடு வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பாளாம். அவன் அவள் பக்கம் போவான். அதோடு சரி. ராணுவ ஆராய்ச்சியில் 'டிகாய்' என்கிறார்கள். நம் ஆட்கள் அதற்குக் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். எட்டுக்கை அம்மனாக இருப்பவள் அவள்தான் என்று இங்கே சொல்கிறார்கள்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் அக்கா அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள். இரண்டு. ஒன்று மகன் பேருக்கு, நட்சத்திரம் எல்லாம் சொல்லி. இன்னொன்றுக்கு ஐயர் பேர் கேட்டபோது, "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றாள். எனக்காக இருக்கும் என்று நினைத்து மனதுக்குள் உருகிவிட்டேன்.

தரிசனம் முடிந்து வெளியே வந்து முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மிளகுக் காரம் காதில் ஏறியது. இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன். "அக்கா, இந்தக் காலத்துல எந்த வேலையா இருந்தாலும் இடமாற்றம்ங்கிறது..."

"எப்பக் கிளம்பணும்?" என்றாள் மகனைப் பார்த்து.

அவன் சூப் டம்ளரை இறக்கினான். "எங்கம்மா?"

"எல்லைக்குத்தான்."

எனக்குப் புரையேறியது.

"ரெண்டு நாள் கொல்லிமலைக் குளிருக்கு எவனாவது நாலு ஸ்வெட்டர் வாங்குவானாடா? கம்பளி சாக்ஸ் வேற ஆறு ஜோடி. நான் கேக்கறப்ப எல்லாம் குரங்கு காட்டற, அன்னாசி காட்டற. குரங்கு போயிடுச்சு, அன்னாசியும் வாங்கியாச்சு. உன் முகம் மட்டும் அப்படியே இருக்கு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். நிற்பதை விட்டுவிட்டு ஓடுவதைப் பிடித்துவிட்டாள்! ஜோத்பூரில் யாராவது இவளை வைத்து ஆராய்ச்சி செய்யலாம்.

"நீ பயப்படுவேன்னுதாம்மா..."

"சொல்லாம இருந்தா பயப்பட மாட்டேனா? பத்து நாளா தனியாப் பயந்தேன். சொல்லியிருந்தா சேர்ந்து பயந்திருக்கலாம்ல?"

இரண்டு ஆபீஸ்களில் ஒரே ஃபைலை ஒளித்து வைத்திருந்த கதை ஞாபகம் வந்தது. எங்கள் வேனிலும் அதேதான் நடந்திருக்கிறது. அவனும் ஒளித்தான், தெரிந்தும் அவளும் ஒளித்தாள்.

கொஞ்சம் கழித்து மெதுவாகச் சொன்னான். "நான் தரையிலதாம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா போன பிளேன் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. நான் மாட்டின குப்பி அந்த நேரத்துல சரியா வெடிக்கணுமே, இழை சரியா விரியணுமேன்னு... மேல இருக்கிறவனும் ஒரு அம்மாவுக்குப் பிள்ளைதானே."

"தெரியும்" என்றாள் அக்கா. "ரெண்டாவது அர்ச்சனை அவனுக்குத்தான். பேர் தெரியல. அதான் சாமி பேர்ல பண்ணச் சொன்னேன்."

எனக்கு இல்லை! உருகியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் கண் ஏன் கலங்கியது என்று தெரியவில்லை. சூப்பில் மிளகு ஜாஸ்தி.

"அந்த ஜிகினா விக்காமயே போகணும் சாமின்னும் வேண்டிக்கிட்டேன்" என்றாள் எழுந்துகொண்டே. "டப்பாவுக்குள்ளயே இருந்து பழசாகி, புதுசு மாத்தணும். அவ்வளவுதான். இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி."

ராணுவ ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல வேண்டுதல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இறங்கும்போது வளைவுகளை எண்ணவில்லை. மாப்பிள்ளை அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். டிரைவர் கண்ணாடியில் ஜிகினா ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய வேலை நான் செய்யாமலேயே முடிந்த திருப்தியில் கண்ணை மூடினேன்.

"ஏன்டா தம்பி, காலையில டீயில சர்க்கரை வேண்டாம்னே. போன வாரம் ரத்த டெஸ்ட் எடுக்கப் போறேன்னியே, ரிசல்ட் என்னாச்சு?"

சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, அங்க பாரு... குரங்கு!"